பால்மமாக்கி (தோல் பூச்சு)

பால்மமாக்கி என்பது, இயல்பாக ஒன்றோடொன்று கலவாத எண்ணெயையும் நீரையும் பிரியாமல் சேர்த்து வைக்கும் பொருள் ஆகும். முகத்திற்கும் கைகால்களுக்கும் பூசப்படும் கிரீம், லோஷன் போன்றவை பெரும்பாலும் எண்ணெயும் நீரும் சேர்ந்த பால்மங்களே. இவை ஒவ்வொன்றிலும் ஒன்றோ பலவோ பால்மமாக்கிகள் உள்ளன. இத்தகைய பூச்சுகளை வீட்டிலேயே சிறிய அளவில் தயாரிப்போர் எதிர்கொள்ளும் முதற் சிக்கல் எந்தப் பால்மமாக்கியைத் தெரிவு செய்வது என்பதாகும்.

கலவை பிரியாமல் நிற்பது மட்டும் ஒரு பால்மமாக்கி நல்லது என்பதற்குச் சான்று ஆகாது. அது தோலில் என்ன செய்கிறது, பூச்சில் சேர்க்கப்படும் பதனப்பொருளை (கெடாமல் காக்கும் பொருளை) என்ன செய்கிறது என்பவையும் சேர்த்தே மதிப்பிடப்பட வேண்டும். பார்வைக்கு வெண்மையாகவும் மென்மையாகவும் இருக்கும் ஒரு பூச்சு, தோலின் காப்புப் படலத்தை மெலியச் செய்வதாகவோ நுண்ணுயிர்கள் பெருகிய ஒன்றாகவோ இருக்கக்கூடும்.

செயற்படும் விதம்

எண்ணெயையும் நீரையும் ஒரு புட்டியில் இட்டுக் குலுக்கினால் எண்ணெய் சிறு துளிகளாக உடைகிறது. சிறிது நேரத்தில் துளிகள் மீண்டும் ஒன்றுசேர்ந்து மேலே தனிப் படலமாக நிற்கின்றன. இரண்டுக்கும் இடையேயுள்ள இடைமுக இழுவிசையே இதற்குக் காரணம். துளிகள் சிறுக்கச் சிறுக்க இடைமுகத்தின் மொத்தப் பரப்பு கூடுகிறது. அப்பரப்பைக் குறைத்துக்கொள்ளும் போக்கினால் துளிகள் இணைகின்றன.

எடுத்துக்காட்டாக, 20 மில்லிலீட்டர் எண்ணெய் 2 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள துளிகளாக உடைக்கப்பட்டால் அவற்றின் மொத்தப் பரப்பு 60 சதுர மீட்டர் ஆகும். அதே எண்ணெய் 5 சென்டிமீட்டர் விட்டமுள்ள குவளையில் நீரின்மீது மிதக்கும்போது இடைமுகத்தின் பரப்பு ஏறத்தாழ 20 சதுர சென்டிமீட்டர் மட்டுமே. இந்தப் பெரும் பரப்பு முழுவதையும் மூடி நிற்பதே பால்மமாக்கியின் பணி. அளவு போதாதபோது பரப்பின் ஒரு பகுதி மூடப்படாமல் நின்று துளிகள் இணைகின்றன.

பால்மமாக்கி மூலக்கூறு இரு முனைகளைக் கொண்டது. ஒரு முனை நீர்நாட்டமுடையது. மற்ற முனை எண்ணெய்நாட்டமுடைய நீண்ட வால். இம்மூலக்கூறுகள் இடைமுகத்தில் வரிசையாக நின்று இழுவிசையைக் குறைப்பதுடன், துளிகளைச் சுற்றி ஒரு வேலியாகவும் அமைகின்றன. மின்னேற்றமுள்ள பால்மமாக்கிகள் துளிகளை ஒன்றையொன்று விலக்கச் செய்கின்றன. மின்னேற்றமற்றவை தம் பருமனான நீர்நாட்ட முனைகளால் துளிகள் நெருங்குவதைத் தடுக்கின்றன.

பால்மம் கெடும் வழிகள் பல. அவற்றுள் முதன்மையானவை:

- ஆடை எழுதல்: துளிகள் உடையாமல் மேலே திரளுதல். குலுக்கினால் மீண்டும் கலந்துவிடும்.
- கொத்தாதல்: துளிகள் தம் உருவம் மாறாமல் கொத்துக் கொத்தாக ஒட்டி நிற்றல்.
- இணைதல்: துளிகள் ஒன்றாகிப் பெரிதாகி, முடிவில் எண்ணெய் தனியே பிரிதல். இதைக் குலுக்கிச் சரிசெய்ய இயலாது.
- புரளுதல்: நீரில் எண்ணெய் வகைப் பால்மம் எண்ணெயில் நீர் வகையாகவோ, மறுதலையாகவோ மாறுதல்.

துளி மேலெழும் வேகம் அதன் விட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதத்திலும், சூழ்ந்துள்ள நீர்மத்தின் பாகுத்தன்மைக்கு எதிர்விகிதத்திலும் அமையும் என்பது ஸ்டோக்ஸ் விதி. ஆகவே துளியின் விட்டம் பாதியானால் எழும் வேகம் நான்கில் ஒரு பங்காகக் குறையும். கலவையை விரைவாகச் சுழற்றித் துளிகளைச் சிறிதாக்குவதும், பிசின் சேர்த்து நீரைத் தடிப்பாக்குவதும் பயன் தருவது இதனாலேயே.

பால்ம வகைகள்

தோல் பூச்சுகளில் இரு வகைப் பால்மங்கள் பெருவழக்கில் உள்ளன. நீரில் எண்ணெய் வகையில் எண்ணெய்த் துளிகள் நீரில் பரவியிருக்கும். இது தோலில் எளிதில் பரவும், நீரால் கழுவ வரும், பிசுபிசுப்புக் குறைவு. எண்ணெயில் நீர் வகையில் நீர்த் துளிகள் எண்ணெயில் பரவியிருக்கும். இது பிசுபிசுப்பானது, தோலிலிருந்து நீர் ஆவியாவதை நன்கு தடுக்கும், மிக வறண்ட தோலுக்கு ஏற்றது.

எவ்வகைப் பால்மம் உண்டாகும் என்பதை எண்ணெய், நீர் ஆகியவற்றின் அளவைவிடப் பால்மமாக்கியே பெரிதும் முடிவு செய்கிறது. பால்மமாக்கி எதில் நன்கு கரைகிறதோ அதுவே வெளிப்புற ஊடகமாக அமையும் என்பது அமெரிக்க வேதியியலாளர் வைல்டர் பேன்கிராஃப்ட் 1913 ஆம் ஆண்டில் கூறிய விதி ஆகும்.

கிடைத்த பால்மம் எவ்வகை என்பதை எளிய சோதனைகளால் அறியலாம். ஒரு சொட்டுப் பூச்சை நீரில் இடும்போது அது பரவிக் கலந்தால் நீரில் எண்ணெய் வகை. கலவாமல் உருண்டையாக நின்றால் எண்ணெயில் நீர் வகை. நீரில் கரையும் உணவு நிறமியைச் சிறிது மேலே தூவினால், முதல் வகையில் நிறம் பரவும். இரண்டாம் வகையில் புள்ளிகளாகவே நிற்கும். முதல் வகை மின்சாரத்தைக் கடத்தும். இரண்டாம் வகை பெரும்பாலும் கடத்தாது.

வரலாறு

பெர்கமோன் நகரில் பிறந்த கிரேக்க மருத்துவர் கேலன் (கி.பி. 2 ஆம் நூற்றாண்டு) தேன்மெழுகு, ஆலிவ் எண்ணெய், பன்னீர் ஆகியவற்றைக் கலந்து செய்த பூச்சு, பிற்காலக் கோல்டு கிரீம்களின் முன்னோடியாகக் கருதப்படுகிறது. அதில் உண்மையான பால்மமாக்கி இல்லாமையால் நீர் எளிதில் பிரிந்துவிடும். தோலில் தடவியதும் நீர் பிரிந்து ஆவியாவதால் உண்டாகும் குளிர்ச்சியே அப்பெயருக்குக் காரணமாயிற்று. 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கலவையில் வெண்காரம் சேர்க்கப்பட்டது. வெண்காரத்தின் காரத்தன்மை தேன்மெழுகிலுள்ள கொழுப்பமிலங்களுடன் சேர்ந்து சோப்பை உண்டாக்குகிறது. அந்தச் சோப்பே பால்மமாக்கியாகிறது.

கலவைக்குள்ளேயே சோப்பு உண்டாகும் இம்முறை தமிழ்நாட்டு வீட்டு வைத்தியத்திலும் காணப்படுகிறது. சுண்ணாம்பின் தெளிநீருடன் தேங்காய் எண்ணெய் சேர்த்துக் கலக்கினால் வெண்ணிறக் குழம்பு கிடைக்கும். இதைத் தீப்புண்ணுக்குப் பூசும் வழக்கம் இருந்தது. இங்கு உண்டாகும் கால்சியம் சோப்பு எண்ணெயில் நன்கு கரைவதால் பால்மம் எண்ணெயில் நீர் வகையாக அமைகிறது. சுண்ணாம்பு நீருடன் ஆளிவிதை எண்ணெய் சேர்த்த இதே போன்ற பூச்சு, ஸ்காட்லாந்தின் கேரன் இரும்பாலையின் பெயரால் கேரன் எண்ணெய் என அழைக்கப்பட்டது. தீக்காயத்திற்கு இன்றைய முதலுதவி ஓடும் குளிர்ந்த நீரே; இத்தகைய பூச்சுகள் பரிந்துரைக்கப்படுவதில்லை.

ஆட்டு உரோமக் கொழுப்பிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட யூசெரிட் என்னும் பால்மமாக்கியை வேதியியலாளர் ஐசக் லிஃப்ஷூட்ஸ் உருவாக்கினார். இதைக் கொண்டு ஜெர்மனியின் பையர்ஸ்டார்ஃப் நிறுவனம் 1911 ஆம் ஆண்டில் நிவியா கிரீமை அறிமுகப்படுத்தியது. நீண்ட நாள் பிரியாத எண்ணெயில் நீர் வகைப் பூச்சு பெருமளவில் விற்பனைக்கு வந்ததற்கு இது ஒரு முதன்மை எடுத்துக்காட்டு. 1949 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அட்லஸ் பவுடர் நிறுவனத்தில் பணிபுரிந்த வில்லியம் கிரிஃபின், பால்மமாக்கிகளை எண்ணால் வகைப்படுத்தும் முறையை வெளியிட்டார்.

எச்.எல்.பி. எண்

கிரிஃபின் முறையில் ஒவ்வொரு பால்மமாக்கிக்கும் நீர்நாட்டத்திற்கும் எண்ணெய்நாட்டத்திற்கும் இடையேயுள்ள சமநிலையைக் குறிக்கும் ஓர் எண் தரப்படுகிறது. இது எச்.எல்.பி. எண் எனப்படுகிறது. மின்னேற்றமற்ற பால்மமாக்கிகளுக்கு, நீர்நாட்டப் பகுதியின் நிறையை மூலக்கூறின் மொத்த நிறையால் வகுத்து 20 ஆல் பெருக்கினால் இவ்வெண் கிடைக்கும். ஆகவே இவற்றின் எண் 0 முதல் 20 வரை அமையும். மின்னேற்றமுள்ளவற்றிற்கு 20 க்கு மேற்பட்ட எண்ணும் தரப்படுவதுண்டு; சோடியம் லாரில் சல்பேட்டின் எண் 40.

- 3 முதல் 6 வரை: எண்ணெயில் நீர் வகைப் பால்மத்திற்கு ஏற்றது.
- 7 முதல் 9 வரை: நனைப்பிகள்.
- 8 முதல் 16 வரை: நீரில் எண்ணெய் வகைப் பால்மத்திற்கு ஏற்றது.
- 13 முதல் 15 வரை: அழுக்கு நீக்கிகள்.
- 15 முதல் 18 வரை: சிறிதளவு எண்ணெயை நீரில் தெளிவாகக் கரைப்பவை.

சில பால்மமாக்கிகளின் எண்கள்: கிளிசரைல் மோனோஸ்டீயரேட் 3.8, சார்பிட்டன் ஒலியேட் 4.3, சார்பிட்டன் ஸ்டீயரேட் 4.7, பாலிசார்பேட் 60 14.9, பாலிசார்பேட் 80 15.0; பாலிசார்பேட் 20 16.7.

ஒவ்வொரு எண்ணெய்க்கும் நிலையான பால்மம் கிடைக்கத் தேவையான எண் ஒன்று உண்டு. ஒரே பால்மமாக்கியைவிட, உயர்ந்த எண்ணுள்ள ஒன்றையும் தாழ்ந்த எண்ணுள்ள ஒன்றையும் சேர்த்துத் தேவையான எண்ணைப் பெறுவது பெரும்பாலும் சிறந்த பலன் தருகிறது. இருவகை மூலக்கூறுகளும் இடைமுகத்தில் நெருக்கமாக அடுக்கப்படுவதே இதற்குக் காரணம்.

கணக்கிடும் முறைக்கு ஓர் எடுத்துக்காட்டு: எண்ணெய்ப் பகுதியில் 12 கிராம் திரவ பாரஃபின் (தேவை 10), 4 கிராம் ஆமணக்கு எண்ணெய் (தேவை 14) உள்ளன எனக் கொள்க. மொத்தத் தேவை (12 × 10 + 4 × 14) ÷ 16 = 11. இதைப் பாலிசார்பேட் 80 (15.0), சார்பிட்டன் ஒலியேட் (4.3) ஆகியவற்றால் பெற, பாலிசார்பேட்டின் பங்கு (11 − 4.3) ÷ (15.0 − 4.3) = 0.63. அதாவது 4 கிராம் பால்மமாக்கி சேர்க்கப்படுமானால், 2.5 கிராம் பாலிசார்பேட் 80, 1.5 கிராம் சார்பிட்டன் ஒலியேட்.

இம்முறைக்கு எல்லைகள் உண்டு. எச்.எல்.பி. எண் எவ்வளவு பால்மமாக்கி சேர்க்க வேண்டும் என்பதைக் கூறாது. வெப்பநிலை, உப்பு, பிசின் ஆகியவற்றின் விளைவையும் அது கணக்கில் கொள்வதில்லை. ஒரே எண்ணுள்ள இரு பால்மமாக்கிகள் ஒரே எண்ணெயில் வெவ்வேறு பலன் தரலாம். எனவே இது தொடங்கும் இடத்தைக் காட்டும் வழிகாட்டி மட்டுமே. முடிவைச் சோதனையே தரும்.

முதன்மைப் பால்மமாக்கிகள்

சோப்பு வகைகள்: ஸ்டீயரிக் அமிலத்தின் ஒரு பகுதியைக் காரத்தால் நடுநிலையாக்கிப் பெறப்படுபவை. ஸ்னோ என்று பரவலாக அறியப்பட்ட வெனிஷிங் கிரீம்கள் இவ்வகையின. செலவு குறைவு. ஆனால் பூச்சு காரத்தன்மை பெறுகிறது. எலுமிச்சைச் சாறு போன்ற அமிலம் பட்டால் பால்மம் முறிகிறது.

பால்மமாக்கும் மெழுகு: ஒரே பெயரில் வேறுபட்ட பொருள்கள் விற்கப்படுவதால் இது குழப்பத்திற்கு இடமளிக்கிறது. பிரித்தானிய மருந்துநூல் வகை, 90 விழுக்காடு செட்டோஸ்டீயரைல் ஆல்ககாலும் 10 விழுக்காடு சோடியம் லாரில் சல்பேட்டும் சேர்ந்தது, எதிர்மின்னேற்றமுடையது. அமெரிக்க வகை செட்டோஸ்டீயரைல் ஆல்ககாலுடன் மின்னேற்றமற்ற பாலிசார்பேட் சேர்ந்தது. பின்னது எண்ணெய்ப் பகுதியின் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு சேர்க்கப்படுவது வழக்கம்.

கிளிசரைல் ஸ்டீயரேட்: தனியே இதன் எண் தாழ்ந்தது என்பதால் நீரில் எண்ணெய் வகைக்குத் துணைப் பால்மமாக்கியே ஆகும். சிறிதளவு சோப்பு கலந்து, தானே பால்மமாகும் வகை என விற்கப்படுவது வேறு. பி.இ.ஜி.-100 ஸ்டீயரேட் கலந்து விற்கப்படுவது மேலும் வேறு. ஆகவே பெயரை மட்டும் பார்த்து ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்றைப் பயன்படுத்த இயலாது.

ஆலிவ் எண்ணெய் வழிப்பொருள்கள்: செட்டியரைல் ஒலிவேட், சார்பிட்டன் ஒலிவேட் ஆகியவற்றின் கலவை ஒலிவெம் 1000 என்னும் வணிகப் பெயரில் அறியப்படுகிறது. இது மின்னேற்றமற்றது, எத்திலீன் ஆக்சைடு இல்லாமல் தயாரிக்கப்படுவது.

லெசித்தின்: முட்டை மஞ்சட்கரு, சோயா முதலியவற்றில் உள்ளது. பிரெஞ்சு வேதியியலாளர் தியோடோர் கோப்ளே 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மஞ்சட்கருவிலிருந்து இதைப் பிரித்தார். மஞ்சட்கருவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது. தோலுக்கு இதமானது. ஆயினும் தனியே நிலையான பூச்சைத் தருவது அரிது; காற்றுப்பட்டால் சிக்கு நாற்றம் எடுக்கும்; பூச்சுக்கு மஞ்சள் நிறம் தரும். ஹைட்ரசன் ஏற்றப்பட்ட லெசித்தினில் இக்குறைகள் குறைவு.

லானோலின்: ஆட்டு உரோமக் கொழுப்பு. தன் எடையைப் போல ஏறத்தாழ இரு மடங்கு நீரை ஏற்று எண்ணெயில் நீர் வகைப் பால்மம் தரும்.

பெஹன்ட்ரைமோனியம் மெத்தோசல்பேட்: நேர்மின்னேற்றமுடையது. முடியிலும் தோலிலும் படிந்து வழவழப்புத் தருவதால் கூந்தல் பதமாக்கிகளில் பெரிதும் பயன்படுகிறது. சோப்பு, சோடியம் லாரில் சல்பேட் போன்ற எதிர்மின்னேற்றப் பொருள்களுடன் சேர்த்தால் இரண்டும் பிணைந்து பால்மம் கெடும்.

பால்மமாக்கி எனத் தவறாகக் கருதப்படுபவை

தேன்மெழுகு தனியே பால்மமாக்கி அன்று. வெண்காரம் போன்ற காரத்துடன் சேர்ந்து சோப்பானால்தான் அது நிலையான பால்மம் தரும். தேன்மெழுகு மட்டும் சேர்த்த கலவையில் மெழுகு இறுகுவதால் நீர் சில நாட்கள் சிக்கி நிற்கக்கூடும். பின்னர் வியர்த்தது போல் நீர் வெளிவரும்.

தேன்மெழுகுக்குத் தேவையான வெண்காரத்தின் அளவு மெழுகின் அமில எண்ணிலிருந்து கணக்கிடப்படுகிறது. அமில எண் 20 உள்ள 1 கிராம் மெழுகுக்கு ஏறத்தாழ 0.068 கிராம், அதாவது மெழுகின் எடையில் 7 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவான வெண்காரம் தேவை. இதற்கு மேல் சேர்த்தால் கரையாத படிகங்கள் பூச்சில் நெறுநெறுக்கும்.

சாந்தன் பிசின் நீரைத் தடிப்பாக்கித் துளிகள் எழுவதைத் தாமதப்படுத்துகிறது. இடைமுக இழுவிசையைக் குறிப்பிடத்தக்க அளவு குறைப்பதில்லை. ஆகவே இது நிலைநிறுத்தி மட்டுமே. செட்டைல் ஆல்ககால், ஸ்டீயரிக் அமிலம் ஆகியவை பூச்சுக்குத் தடிப்பைத் தந்து, முதன்மைப் பால்மமாக்கிக்குத் துணை நிற்கின்றன. கற்றாழைச் சாறு, கிளிசரின் ஆகியனவும் பால்மமாக்கிகள் அல்ல.

மதிப்பிடும் முறை

பால்மமாக்கிகளை ஒப்பிடும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது அடிப்படை விதி. எண்ணெய், நீர், வெப்பநிலை, கலக்கும் நேரம் ஆகிய அனைத்தையும் ஒன்றாக வைத்துப் பால்மமாக்கியை மட்டும் மாற்றி 100 கிராம் மாதிரிகள் தயாரிக்கப்படுகின்றன. எண்ணெய் 20 விழுக்காடு அளவில் இருப்பது ஒப்பீட்டிற்கு வசதியானது. அளவுகள் கரண்டியால் அன்றி எடையால் எடுக்கப்பட வேண்டும். 1 கிராமுக்கும் குறைவான பொருள்களுக்கு 0.01 கிராம் நுட்பமுள்ள தராசு தேவை.

மெழுகுப் பொருள்கள் உள்ள கலவைகளில் எண்ணெய்ப் பகுதியும் நீர்ப் பகுதியும் தனித்தனியே 70 முதல் 75 பாகை செல்சியசு வரை சூடாக்கப்பட்டு ஒன்றாகக் கலக்கப்படுகின்றன. நீர் ஆறியிருந்தால் மெழுகு உடனே உறைந்து திரிதிரியாகிவிடும். இதைப் பால்மமாக்கியின் குறையாகப் பலர் தவறாகக் கொள்கின்றனர். நறுமணமும் வெப்பம் தாங்காத பதனப்பொருள்களும் 40 பாகைக்குக் கீழ் ஆறிய பின் சேர்க்கப்படுகின்றன. ஆவியான நீரை ஈடுசெய்ய இறுதி எடை சரிபார்க்கப்படுகிறது.

மாதிரிகளில் பின்வருவன குறித்துவைக்கப்படுகின்றன:

- தயாரித்த நாள், மறுநாள், ஒரு வாரம், ஒரு மாதம், மூன்று மாதம் ஆகிய காலங்களில் தோற்றம், மணம், தடிப்பு.
- 40 அல்லது 45 பாகை வெப்பத்தில் வைக்கப்பட்ட மாதிரியின் நிலை.
- குளிர்ப்பெட்டியின் உறைபகுதியிலும் அறை வெப்பத்திலும் மாறிமாறி வைக்கப்பட்ட மாதிரியின் நிலை.
- பி.எச். மதிப்பு. நலமான தோலின் மேற்பரப்பு ஏறத்தாழ 4.5 முதல் 5.5 வரையான அமிலத்தன்மை உடையது.
- தடவும்போது வெண்மையாக நுரைத்தல், பிசுபிசுப்பு, உலரும் நேரம்.

மறுநாள் நன்றாக இருந்த மாதிரி மூன்றாம் வாரத்தில் பிரிவது உண்டு. ஆகவே தயாரித்த நாளின் தோற்றத்தை மட்டும் கொண்டு முடிவு செய்வது பிழையாகும்.

தோலின் மீதான விளைவு

தோலின் மேற்புறப் படலம், செல்களுக்கு இடையே கொழுப்புப் பொருள்களை அடுக்கடுக்காகக் கொண்டது. உடலிலுள்ள நீர் வெளியேறாமலும், வெளியிலுள்ள எரிச்சலூட்டிகள் உட்புகாமலும் காப்பது இதுவே. எண்ணெயை நீரில் கலக்கச் செய்யும் ஆற்றல் கொண்ட பொருள், தோலின் கொழுப்பையும் கலைக்கக்கூடும். இவ்வாற்றல் எல்லாப் பால்மமாக்கிகளுக்கும் ஒரே அளவில் இல்லை. சோடியம் லாரில் சல்பேட் இதில் மிக வலியது. தோல் எரிச்சலை ஆராயும் ஆய்வுகளில் வேண்டுமென்றே எரிச்சலை உண்டாக்குவதற்கு இப்பொருளே பெரிதும் பயன்படுத்தப்படுகிறது.

பிரித்தானியாவில் அக்குவஸ் கிரீம் என்னும் எளிய பூச்சு, கரப்பான் நோயுள்ள குழந்தைகளுக்குப் பல ஆண்டுகள் பரவலாகப் பரிந்துரைக்கப்பட்டது. இதில் 30 விழுக்காடு பால்மமாக்கும் களிம்பு உள்ளது. அக்களிம்பில் 30 விழுக்காடு பால்மமாக்கும் மெழுகும், அம்மெழுகில் 10 விழுக்காடு சோடியம் லாரில் சல்பேட்டும் உள்ளன. ஆகவே பூச்சில் சோடியம் லாரில் சல்பேட்டின் அளவு 0.9 விழுக்காடு மட்டுமே. ஆயினும் 2010 ஆம் ஆண்டில் பாத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு, இப்பூச்சைத் தொடர்ந்து நான்கு வாரம் பூசியபோது நலமான தோலிலும் மேற்படலம் மெலிந்து நீரிழப்புக் கூடியதைக் காட்டியது. 2013 ஆம் ஆண்டில் பிரித்தானிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பு, இப்பூச்சைக் கழுவாமல் விடும்போது, குறிப்பாகக் கரப்பான் உள்ள குழந்தைகளுக்கு, எரிச்சல், அரிப்பு, சிவத்தல் ஏற்படலாம் என எச்சரித்தது.

இப்பூச்சு பிரியவில்லை, கெடவும் இல்லை. பால்மம் என்ற வகையில் அது குறையற்றது. வறண்ட தோலுக்கு இதம் தரவே அது கொடுக்கப்பட்டது. ஆயினும் அதைப் பால்மமாக்கிய பொருளே தோலுக்கு ஊறு செய்தது. கழுவிவிடும் பொருளுக்கு ஏற்ற பால்மமாக்கி, தோலிலேயே விடும் பூச்சுக்கு ஏற்றதாக இருக்க வேண்டியதில்லை என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது.

பால்மமாக்கியும் பதனப்பொருளும்

எண்ணெய் மட்டும் உள்ள தைலத்தில் நுண்ணுயிர்கள் பெருகுவது அரிது. நீர் சேர்ந்தவுடன் நிலைமை மாறுகிறது. பால்மத்தில் நீரும் உணவும் ஒருங்கே கிடைப்பதால், பதனப்பொருள் சேர்க்கப்படாத பூச்சில் பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும் சில நாட்களிலேயே பெருகக்கூடும். நிறமோ மணமோ மாறும் முன்னரே அவற்றின் எண்ணிக்கை மிகுந்திருக்கலாம். ஐ.எஸ்.ஓ. 17516 என்னும் பன்னாட்டுத் தரம், அழகுப்பொருள்களில் பொதுவாக கிராமுக்கு 1,000 நுண்ணுயிர்களையும், மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் கண்ணைச் சுற்றிய பகுதிக்கும் உரியவற்றில் 100 நுண்ணுயிர்களையும் எல்லையாகக் கொள்கிறது. வைட்டமின் ஈ எண்ணெய் சிக்காவதைத் தடுக்கும், நுண்ணுயிர்களைத் தடுக்காது.

பால்மமாக்கியின் தெரிவு பதனப்பொருளை மூன்று வழிகளில் பாதிக்கிறது.

முதலாவது, பி.எச். மதிப்பு. பொட்டாசியம் சார்பேட், சோடியம் பென்சோயேட் ஆகியவை அமில வடிவிலேயே செயற்படுவன. பி.எச். 5 இல் சார்பிக் அமிலத்தின் ஏறத்தாழ 37 விழுக்காடு செயற்படும் வடிவில் உள்ளது. பி.எச். 8 இல் இது 0.1 விழுக்காட்டுக்கும் குறைகிறது. ஆகவே காரத்தன்மை கொண்ட சோப்பு வகைப் பால்மங்களில் இவற்றைச் சேர்ப்பதால் பயன் இல்லை.

இரண்டாவது, பிணைப்பு. பாலிசார்பேட்டுகள் பாராபென்களைத் தம் மூலக்கூற்றுத் திரள்களுக்குள் இழுத்துக்கொள்வதால் நீரில் எஞ்சும் பாராபென் குறைகிறது. நுண்ணுயிர் ஆய்வகங்களில் அழகுப்பொருள்களைச் சோதிக்கும்போது, அவற்றிலுள்ள பதனப்பொருளைச் செயலிழக்கச் செய்வதற்கென்றே லெசித்தினும் பாலிசார்பேட் 80 உம் கலந்த லெத்தீன் என்னும் வளர்ப்பூடகம் பயன்படுத்தப்படுகிறது. அவ்விரு பொருள்களுமே வீட்டுப் பூச்சுகளில் விரும்பிச் சேர்க்கப்படும் பால்மமாக்கிகள் ஆகும்.

மூன்றாவது, மின்னேற்றம். நேர்மின்னேற்றமுள்ள பதனப்பொருள்கள் எதிர்மின்னேற்றப் பால்மமாக்கிகளால் செயலிழக்கின்றன.

ஒரு பூச்சின் பதனம் போதுமானதா என்பதை வீட்டில் கண்டறிய இயலாது. ஐ.எஸ்.ஓ. 11930 தரத்தின்படி, இரு பூஞ்சைகள் உட்பட ஐந்து வகை நுண்ணுயிர்களைப் பூச்சில் இட்டு, அவை குறைகின்றனவா என ஆய்வகத்தில் 28 நாட்கள் கண்காணிக்கப்படுகிறது. இச்சோதனை செய்யப்படாத வீட்டுப் பூச்சைச் சிறிதளவே செய்து, குளிர்ப்பெட்டியில் வைத்து, விரைவில் தீர்ப்பதும், குழந்தைகளுக்கும் புண்பட்ட தோலுக்கும் கண்ணருகிலும் பூசாமல் இருப்பதும் பாதுகாப்பானவை.

இயற்கை என்னும் அடைமொழி

பால்மமாக்கிகள் பெரும்பாலும் இயற்கை, செயற்கை எனப் பிரித்து விற்கப்படுகின்றன. இப்பிரிவு பாதுகாப்பைக் குறிப்பதன்று. வெண்காரம் இயற்கைக் கனிமம். எனினும் இனப்பெருக்கத்திற்குத் தீங்கு விளைவிக்கும் பொருள் என வகைப்படுத்தப்பட்டு, 2019 ஆம் ஆண்டு ஒழுங்குவிதியின்படி ஐரோப்பிய ஒன்றியத்தில் அழகுப்பொருள்களில் தடைசெய்யப்பட்டுள்ளது. லானோலின் இயற்கைப் பொருள். ஆயினும் அதிலுள்ள ஆல்ககால்கள் ஒவ்வாமையைக் கண்டறியும் ஐரோப்பிய அடிப்படை ஒட்டுச் சோதனை வரிசையில் இடம்பெறுகின்றன. மறுபுறம், மின்னேற்றமற்ற செயற்கைப் பால்மமாக்கிகள் பல தோலில் எரிச்சல் குறைந்தவை.

செயற்கைப் பொருள்கள் மீதான ஐயங்கள் யாவும் அடிப்படையற்றவை அல்ல. பாலிசார்பேட்டுகளும் பி.இ.ஜி. வகைகளும் எத்திலீன் ஆக்சைடைக் கொண்டு தயாரிக்கப்படுகின்றன. இச்செயல்முறையில் 1,4-டையாக்சேன் துணைப்பொருளாக உண்டாகிறது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியதாக இருக்கலாம் என்னும் 2பி பிரிவில் வைத்துள்ளது. உற்பத்தியாளர் வெற்றிட முறையில் இதைப் பெருமளவு நீக்க முடியும். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலச் சட்டம் அழகுப்பொருள்களில் இதன் அளவை 2022 ஆம் ஆண்டின் இறுதி முதல் பத்து இலட்சத்தில் 10 பங்கு என்னும் எல்லைக்குள் கட்டுப்படுத்தியது.

எனவே பொருளின் மூலத்தைவிட, அதன் முழுமையான வேதிப்பெயர், உட்கூறுகளின் பட்டியல், பரிந்துரைக்கப்படும் அளவு, தூய்மைச் சான்று ஆகியவையே மதிப்பீட்டிற்கு உதவுவன. உட்கூறுகளை வெளிப்படுத்தாமல் "இயற்கைப் பால்மமாக்கி" என்று மட்டும் குறிக்கப்பட்ட பொருளின் மின்னேற்றத்தையோ, அது எந்தப் பதனப்பொருளுடன் ஒத்துப்போகும் என்பதையோ அறிய வழியில்லை.

இவற்றையும் பார்க்க

- பால்மம்
- கூழ்மம்
- பரப்பு இழுவிசை
- சோப்பு
- லெசித்தின்
- தோல்